பாட்டு யாருக்காக? ஹான்ஸ் ஐஸ்லர் கேட்ட கேள்வி

பாடுகிறவன் பாடட்டும், படம் எடுக்கிறவன் எடுக்கட்டும், தத்துவம் பேசுகிறவன் ஒரு மூலையில் உட்கார்ந்து பேசட்டும். ஒன்றை இன்னொன்றோடு ஏன் போட்டுக் குழப்ப வேண்டும்?

இப்படி ஒரு வாதம் அடிக்கடி கிளம்புகிறது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. அவரவர் தொழிலை அவரவர் பார்த்தால் நல்லதுதானே என்று நமது தோழர்களிலேயே சிலர் தலையாட்டுகிறார்கள். ஆனால் இந்த வாதத்தால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டாமா? பாட்டுக்காரன் யோசிக்கக் கூடாது, யோசிக்கிறவன் பாடக் கூடாது என்று பிரித்து வைத்துவிட்டால், பாட்டை விலைக்கு வாங்குகிறவன் சொன்னபடி பாட்டு வரும். யோசனை புத்தக அலமாரியிலேயே தூங்கும்.

இந்தப் பிரிவினையைத் தன் வாழ்க்கையாலேயே உடைத்துக் காட்டிய ஒரு கலைஞரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஹான்ஸ் ஐஸ்லர். இசையமைப்பாளர், திரைப்படத் தொழிலில் இறங்கியவர், இசையையும் சினிமாவையும் ஆராய்ந்து தத்துவம் எழுதியவர். மூன்று வேலையையும் அவர் ஒரே வேலையாகச் செய்தார். எப்படி என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பியானோ இல்லாத வீடு

1898-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஐஸ்லர் பிறந்தார். வளர்ந்தது வியன்னாவில். தகப்பனார் தத்துவ அறிஞர். யூதக் குலத்தில் பிறந்தவர். பல்கலைக்கழக உத்தியோகம் கிடைக்காமல் புத்தகம் எழுதிப் பிழைத்தவர். தாயார் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகள். வீட்டில் பியானோ வைத்துக்கொள்ள வசதியில்லை. ஆகவே அந்தச் சிறுவன் வாத்தியத்தின் துணையில்லாமல், இசைக் குறிப்புகளைப் படித்துப் படித்து மனத்துக்குள்ளேயே சங்கீதம் கற்றான்.

முதல் உலக யுத்தம் வந்தது. 1916-இல் பதினெட்டு வயதுப் பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹங்கேரியப் படைப்பிரிவில் சேர்த்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். காயம் பட்டார். யாருக்காக இந்த யுத்தம் என்ற கேள்வி அவர் மனத்தில் அங்கேயே விழுந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததும், அந்தக் காலத்தில் ஐரோப்பிய இசையையே புரட்டிப் போட்ட அர்னால்டு ஷோன்பெர்க் என்ற மேதையிடம் 1919 முதல் 1923 வரை பாடம் கேட்டார். சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. ஷோன்பெர்க் ஒரு காசும் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஐஸ்லர் ஓர் இசைப் பதிப்பகத்தில் பிழை திருத்தினார். அதே நாட்களில் வியன்னாவின் தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு பக்கம் உயர்ந்த வித்தை. மறு பக்கம் ஆலையை விட்டு வந்த மனிதர்களின் குரல். இரண்டையும் அவர் ஒன்றாகவே கற்றார்.

குருவோடு மோதல்

1925-இல் ஐஸ்லர் பெர்லினுக்குப் போனார். ஆலைகளும் வேலையில்லாப் பட்டாளமும் நிறைந்த நகரம் அது. 1926-இல் கம்யூனிஸ்டு கட்சியில் சேர விண்ணப்பித்தார். அதே ஆண்டில் தம் குருவோடு கருத்து மோதலும் வந்தது. நவீன சங்கீதம் தமக்குச் சலிப்பூட்டுகிறது என்றே குருவுக்கு எழுதிவிட்டார்.

ஏன் சலிப்பு? வித்தை குறைவு என்பதாலா? கிடையாது. அத்தனை வித்தையும் ஒரு சிறு கூட்டத்துக்கு முன்னால் தீர்ந்துபோகிறதே என்ற ஆத்திரம். வாசலுக்கு வெளியே லட்சக்கணக்கான மக்கள் வேலைக்கும் ரொட்டிக்கும் அலைகிறார்கள். உள்ளே சில நூறு பேர் உட்கார்ந்து ஒரு புதிய சுரச் சேர்க்கையைப் பற்றிச் சர்ச்சை செய்கிறார்கள். இந்த நிலைமை அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கவிதைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்திரிகைத் துணுக்குகளை எடுத்தார். பெண் தேவை, மாப்பிள்ளை தேவை என்ற விளம்பரங்களைக்கூட விடவில்லை. அவற்றுக்கு இசையமைத்து ஒரு பாட்டுத் தொகுதியே செய்தார். 1927-இல் பெர்லினில் அது மேடையேறியது. நிலவையும் ரோஜாவையும் பாடிக்கொண்டிருந்த கச்சேரி மண்டபத்தில் சாதாரண மனிதனின் பிழைப்பு வந்து நின்றது.

தெருவுக்கு வந்த பாட்டு

அதன் பிறகு ஐஸ்லர் கச்சேரி மண்டபத்தோடு நிற்கவில்லை. தெருமுனையில் நாடகம் போடும் ‘செங்குழல்’ என்ற இளைஞர் குழுவுக்கு இசையமைத்தார். கட்சிப் பத்திரிகையான ‘செங்கொடி’யில் இசை விமர்சனம் எழுதினார். மார்க்ஸியத் தொழிலாளர் பள்ளியில் பாடம் நடத்தினார். எர்ன்ஸ்ட் புஷ் என்ற பாடகர் ஐஸ்லரின் பாட்டுகளைக் கூட்டந்தோறும் பாடினார். கீல் நகரக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு மேடைக்கு வந்தவர் அவர்.

ஜெர்மனியில் அப்போது தொழிலாளர் பாடகர் சங்கங்கள் பெரிய இயக்கமாக இருந்தன. லட்சக்கணக்கானவர்கள் அவற்றில் அங்கத்தினர்கள். ஆனால் அவர்கள் என்ன பாடினார்கள்? பெரும்பாலும் பணக்காரர் சங்கங்களில் பாடிய அதே காட்டு அழகையும் மலை அழகையும்தான். ஐஸ்லர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பழைய ராகத்தில் புதிய கோஷத்தைத் திணித்துவிட்டால் போதும் என்று நினைத்தவர்களையும் அவர் விடவில்லை. உருக வைக்கும் ராகத்தில் போராட்டச் சொல்லை வைத்தால் கேட்கிறவன் உருகுவான், எழ மாட்டான். சொல் ஒரு பக்கம் இழுக்கும். இசை மறு பக்கம் இழுக்கும். இதை அவர் கண்டுகொண்டார். ஆகவே தம் பாட்டில் சொல் தெளிவாகக் கேட்கும்படியும், தாளம் காலடியைப் போல் உறுதியாக விழும்படியும், குரல் அழாதபடியும் பார்த்துக்கொண்டார்.

1930 டிசம்பரில் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி ஐஸ்லர் இசையமைத்த ஒரு போதனை நாடகம் பெர்லினில் நடந்தது. பாடியவர்கள் தொழிலாளர் பாடகர் குழுக்கள். பார்க்க வந்தவர்களிடம் கேள்வித் தாள் கொடுத்து, இந்த நாடகத்தால் என்ன கற்றீர்கள் என்று கேட்டார்கள். தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள்! எந்தச் சங்கீத வித்வான் கச்சேரி முடிந்ததும் ஜனங்களைப் பார்த்து, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று எழுதிக் கேட்டிருக்கிறான்? கைதட்டச் சொல்வார்கள். கருத்துச் சொல்லச் சொல்வதில்லை.

உலகம் யாருக்குச் சொந்தம்?

1932-இல் ‘கூலே வாம்பே’ என்ற படம் வந்தது. ‘உலகம் யாருக்குச் சொந்தம்?’ என்பது அதன் இன்னொரு பெயர். கூலே வாம்பே என்பது பெர்லினுக்கு வெளியே ஓர் ஏரிக் கரையில் இருந்த கூடாரக் குடியிருப்பு. வாடகை கொடுக்க முடியாமல் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு குடும்பம் அங்கே போய்த் தங்குவதுதான் கதை. டைரக்டர் ஸ்லாட்டன் டூடோவ். கதை எழுதியவர்கள் பிரெக்டும் எர்ன்ஸ்ட் ஓட்வால்டும். இசை ஐஸ்லர்.

படம் எடுத்த விதமே புதியது. எழுத்தாளர்கள், டைரக்டர், இசையமைப்பாளர் முதலியோர் ஒரு சிறு கூட்டாகச் சேர்ந்தார்கள். வழக்கமான ஊதியத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகப் படத்தின் சட்டபூர்வமான ஆசிரியர்கள் தாங்களே என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். முதலாளி நடுவில் புகுந்து கத்தரி போட முடியாமல் செய்வதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஊர்வலத்துக்கும் விளையாட்டுக் காட்சிகளுக்கும் தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்தாரும் பாடகர்களும் திரண்டு வந்து உதவினார்கள்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 60 லட்சம் பேர். படத்தின் ஆரம்பத்தில் இளைஞர்கள் சைக்கிளில் வேலை தேடிப் பறக்கிறார்கள். ஓர் ஆலை வாசல், வேலை இல்லை. அடுத்த வாசல், அங்கும் இல்லை. இடிந்த வீடுகளும் இருண்ட முற்றங்களும் திரையில் போகின்றன.

இப்படிப்பட்ட காட்சிக்கு வேறொருவர் எப்படி இசையமைத்திருப்பார்? பிடிலை எடுத்து அழவிட்டிருப்பார். பார்க்கிறவர்கள் ‘அய்யோ பாவம்’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐஸ்லர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். வேகமான, கூர்மையான, முறுக்கேறிய இசையை அங்கே வைத்தார். படம் வறுமையைக் காட்டுகிறது; இசை அதை ஏற்க மறுக்கிறது. பரிதாபப்படுவதற்குப் பதில் பார்க்கிறவனுக்குக் கோபம் வருகிறது.

வேலை கிடைக்காத அந்த வீட்டு இளைஞன் ஜன்னலிலிருந்து குதித்துச் சாகிறான். குதிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கிறான். கடிகாரமாவது குடும்பத்துக்கு மிஞ்சட்டும் என்று!

சர்க்கார் 1932 மார்ச்சில் படத்தைத் தடை செய்தது. ஜனாதிபதியையும் நீதிமன்றத்தையும் மதத்தையும் படம் அவமதிக்கிறதாம்! தணிக்கை அதிகாரியோடு நடந்த வாதத்தைப் பிரெக்ட் பின்னால் எழுதி வைத்தார். அந்த இளைஞனின் சாவை ஒரு தனி மனிதனின் துக்கமாகக் காட்டாமல் ஒரு வர்க்கத்தின் கதியாகக் காட்டிவிட்டீர்கள் என்பதுதான் அதிகாரியின் புகார். பாராட்டிய விமர்சகர்களைவிட அந்த அதிகாரிதான் படத்தை நன்றாகப் புரிந்துகொண்டார் என்று பிரெக்ட் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியது. வெட்டுகளோடு மே மாதம் பெர்லினில் படம் வெளிவந்தது. 1933-இல் நாஜிகள் வந்ததும் மறுபடியும் தடை.

அந்தப் படத்துக்காக ஐஸ்லர் அமைத்த ‘ஒற்றுமைப் பாட்டு’ தடைக்குக் கட்டுப்படவில்லை. அது படத்தை விட்டு வெளியே வந்து நாடு நாடாகப் போயிற்று.

காதைப் பிடித்து இழுக்கும் வித்தை

ஹிட்லர் பதவிக்கு வந்த பிறகு ஐஸ்லர் ஊர் ஊராக அலைந்தார். 1937-இல் ஸ்பெயினுக்குப் போய்ப் பாஸிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய சர்வதேசப் படையினருக்குப் பாட்டு அமைத்தார். 1938-இல் அமெரிக்கா சேர்ந்தார். அங்கே 1940 முதல் இரண்டாண்டுக் காலம் சினிமாவுக்கும் இசைக்கும் உள்ள உறவை ஆராய அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் பலனாக, தியோடர் அடோர்னோ என்ற தத்துவ அறிஞரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். 1947-இல் அது ‘திரைப்படத்துக்கு இசையமைத்தல்’ என்ற பெயரில் வெளிவந்தது. ஐஸ்லர் மீது அப்போது அரசியல் வேட்டை நடந்துகொண்டிருந்ததால் அடோர்னோ தம் பெயரை எடுத்துக்கொண்டார். 1969-இல்தான் அவர் பெயரும் சேர்ந்து வந்தது.

நூலின் சாரம் இதுதான். பட முதலாளிகள் இசையை ஒரு மருந்தைப் போலப் பயன்படுத்துகிறார்கள். மலை வந்தால் ஓர் இசை, நிலவு வந்தால் ஓர் இசை, காதலுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று தயாராக வைத்திருக்கிறார்கள். திரையில் தெரிவதையே காதுக்கும் ஊட்டுகிறார்கள். இசை இருப்பதே தெரியக் கூடாது என்றும் சொல்கிறார்கள். அப்படித் தெரியாமலே உள்ளே புகுந்து நம்மை எங்கே அழ வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று நடத்துகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட முடியுமா?

இந்த வித்தையை ஐஸ்லர் தம் அனுபவத்தைக் கொண்டே அந்த நூலில் விளக்குகிறார். 1931-இல் வந்த ‘நடுநிலம்’ என்ற யுத்த எதிர்ப்புப் படத்துக்கு அவர்தான் இசை. 1914-ஆம் ஆண்டு. ஒரு ஜெர்மன் தச்சனுக்குப் பட்டாளத்திலிருந்து உத்தரவு வருகிறது. கருவிகளைப் பூட்டி வைக்கிறான். மூட்டையை எடுத்துக்கொள்கிறான். மனைவி மக்களோடு தளர்ந்து நடக்கிறான். தெருவில் அவனைப் போலவே பல குடும்பங்கள். எல்லா முகத்திலும் துயரம். அப்போது மெல்ல மெல்ல ஒரு ராணுவ நடை இசை தொடங்குகிறது. சத்தம் கூடக் கூடக் கால்கள் ஒன்று சேர்கின்றன, முதுகு நிமிர்கிறது, பெண்களும் குழந்தைகளும்கூட மிடுக்காக நடக்கிறார்கள், மீசை முறுக்கேறுகிறது! கொல்லவும் கொல்லப்படவும் தயாராகி அந்தத் தச்சர்கள் பட்டாள முகாமுக்குள் புகுகிறார்கள்.

அவர்களை அங்கே நடத்திச் சென்றது எது? துப்பாக்கி முனை மட்டுமா? அந்த இசையும்தான். படம் பார்க்கிற தொழிலாளி அதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறான். தன்னையும் இப்படித்தானே இழுத்தார்கள் என்று உணர்கிறான். மயக்குகிற வித்தையையே எடுத்து அந்த மயக்கத்தை அம்பலப்படுத்தினார் ஐஸ்லர். இதை வெறும் இசைக்காரர் செய்ய முடியாது. வெறும் தத்துவக்காரரும் செய்ய முடியாது. இரண்டும் ஒரே தலையில் இருந்தால்தான் முடியும்.

அவர் கற்ற வித்தையையும் வீசி எறிந்துவிடவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்து மழையை ஜோரிஸ் ஐவன்ஸ் 1929-இல் ஒரு சிறு படமாக எடுத்திருந்தார். அதற்கு 1941-இல் ஐஸ்லர் ‘மழையை வருணிக்கப் பதினான்கு வழிகள்’ என்ற இசையை அமைத்தார். குரு ஷோன்பெர்க்கின் முறையிலேயே அமைத்தார். 1944-இல் குருவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு அதைக் காணிக்கையாக்கினார். சண்டை போட்டது வித்தையோடு அல்லவே!

கூண்டில் நின்ற இசை

ஹாலிவுட்டிலும் அவர் வேலை செய்தார். இரண்டு படங்களின் இசைக்காக ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் யுத்தம் முடிந்ததும் அமெரிக்க சர்க்காரின் முகம் மாறியது. 1947 செப்டம்பரில் அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் குழு அவரைக் கூண்டில் ஏற்றியது. கூடப் பிறந்த அக்காளே அண்ணனுக்கும் தம்பிக்கும் எதிராகச் சாட்சி சொன்னாள். இவர் இசைத் துறையின் கார்ல் மார்க்ஸ் என்று விசாரணை அதிகாரி குற்றம் சாட்டினார். அப்படியென்றால் எனக்குப் பெருமைதான் என்று ஐஸ்லர் பதில் சொன்னார்.

சார்லி சாப்ளினும் பிக்காஸோவும் ஐன்ஸ்டீனும் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பலனில்லை. 1948 மார்ச்சில் அவர் அமெரிக்காவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பாட்டில் அரசியல் கூடாது என்று உபதேசிக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பதில் சொல்லட்டும். பாட்டுக்கு அரசியல் கிடையாதென்றால் ஒரு பாட்டுக்காரரை விசாரிக்க ஒரு பெரிய சர்க்கார் ஏன் இத்தனை பாடுபட்டது?

நம் பக்கத்துத் தவறு

இதோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது.

ஐஸ்லர் கிழக்கு பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். 1949-இல் பிறந்த ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர் அவர்தான். 1952-இல் ‘யோகான் ஃபாஸ்டஸ்’ என்ற இசை நாடகத்துக்குக் கதை எழுதி வெளியிட்டார். ஃபாஸ்டஸ் ஒரு குடியானவன் மகன், படித்தவன். 1525-இல் ஜெர்மன் உழவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பியபோது அவன் தன் வர்க்கத்தைக் கைவிட்டு விடுகிறான். அந்தத் துரோகம் அவனை உள்ளேயிருந்து அரிக்கிறது. படித்தவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியுமா?

ஆனால் 1953-இல் அந்த நாட்டுக் கட்சிப் பத்திரிகையே அவரைத் தாக்கியது. தேசியப் பெருமையை இழிவுபடுத்திவிட்டார், மகாகவி கோத்தேயை அவமதித்துவிட்டார் என்றார்கள். பிரெக்ட் அவருக்குத் துணை நின்றார். இருந்தும் ஐஸ்லர் மனமுடைந்தார். அந்த இசை நாடகத்துக்கு அவர் இசையை முடிக்கவே இல்லை.

எதிரி விசாரணை வைத்தபோது நிமிர்ந்து நின்ற மனிதர், தோழர்கள் விசாரணை வைத்தபோது பேனாவைக் கீழே வைத்தார். இது தவறு, பெரிய தவறு. விமர்சனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரே விமர்சனத்தால் வளர்ந்தவர். ஆனால் விமர்சனம் கலைஞனை அடுத்த படைப்புக்குத் தள்ள வேண்டும். அவனை ஊமையாக்கக் கூடாது. பாட்டை நிறுத்திவிட்ட விமர்சனத்தால் உழைக்கும் மக்களுக்கு ஒரு பாட்டு நஷ்டம்.

ஐஸ்லர் அப்போதும் தம் வழியை விடவில்லை. ஷோன்பெர்க்கின் பெயரைச் சொல்வதே அங்கே பிடிக்காதிருந்த 1954-ஆம் ஆண்டில், பெர்லின் கலைக் கழகத்தில் நின்று தம் குருவின் மேதையைப் புகழ்ந்து பேசினார். 1955-இல் நாஜிகளின் சித்திரவதை முகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் பனியும்’ படத்துக்கு இசையமைத்தார். பிணக் குவியல் காட்டும் காட்சிகளில் இசை அலறவில்லை. மென்மையாக, நிதானமாகப் போகிறது. அதனால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாமல் பார்க்கிறோம். 1932-இல் சைக்கிள் காட்சிக்குக் கையாண்ட அதே முறைதான். 1962 செப்டம்பர் 6-ந் தேதி அவர் காலமானார். அந்தக் குடியரசு 1990-இல் மறைந்துவிட்டது. பெர்லினில் அவர் பெயர் தாங்கிய இசைக் கல்லூரி இன்றும் இருக்கிறது.

நமக்கு என்ன?

எங்கோ ஜெர்மனியில் நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நம்முடைய காலத்தில் பாட்டுக் கேட்காத மனிதன் இல்லை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பாட்டு, டீக்கடையில் பாட்டு, களத்துமேட்டில் உட்கார்ந்தால் சட்டைப்பையில் இருக்கும் போனில் பாட்டு. இத்தனை பாட்டையும் யாரோ ஒருவர் ஒரு நோக்கத்தோடு செய்து அனுப்புகிறார். களைத்த உடம்புக்குப் பாட்டு இளைப்பாறுதல். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தறியில் ஓர் இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது நம்முடையது. மாடு நோயாக இருந்தால் அதன் குரலைக் கேட்டே சொல்லிவிடுகிற காது நம்முடையது. அந்தக் காது பாட்டு வந்ததும் ஏன் வேலை செய்யாமல் நின்றுவிட வேண்டும்?

அடுத்த முறை படம் பார்க்கும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். ஏழை வீட்டைக் காட்டும்போது பின்னால் என்ன ஒலிக்கிறது என்று கவனியுங்கள். அது நம்மை அழச் சொல்கிறதா, யோசிக்கச் சொல்கிறதா? பண்ணையார் வரும்போது இசை அவருக்கு மரியாதை செய்கிறதா? போலீஸ் தடியடியில் தாளம் யாருடைய பக்கம் நிற்கிறது? மறுநாள் சங்கக் காரியாலயத்தில் நாலு பேர் சேர்ந்தால் அதைப் பேசுங்கள். இதற்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. ஐஸ்லர் கேள்வித் தாள் கொடுத்தது பேராசிரியர்களுக்கு மட்டுமா? பாட்டுக் கேட்க வந்த சாதாரண ஜனங்களிடமும்தானே கேட்டார்!

நம் வீட்டுப் பிள்ளைகளில் பாடுகிறவனும் இருப்பான், படம் எடுக்க ஆசைப்படுகிறவளும் இருப்பாள். பாட்டைக் கற்றுக்கொள், படிப்பு எதற்கு என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அரசியல் பேசினால் வாய்ப்புப் போய்விடும் என்று பயமுறுத்தாதீர்கள். வித்தையை நன்றாகக் கற்கட்டும். யாருக்காக என்றும் கேட்கட்டும். பியானோ இல்லாத வீட்டில் பிறந்த ஒரு பையன் அந்த இரண்டையும் செய்து காட்டியிருக்கிறான்.